ஹால் என்ற கணினிக்கு விசர் பிடித்தது ஏன்?

சென்ற தவணைப் பெற்றார் கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு ஓர் உம்மா மட்டும் வகுப்பறை வாசலில் நின்றார். மகள் சாதாரண தரம் எழுதிவிட்டு உயர்தரத்துக்கு வரப்போகிறவள். "டீச்சர், இவ ஐ.சி.ரி. ஒரு பாடமா எடுக்கப் போறாவாம். கம்பியூட்டருக்கெல்லாம் இப்ப விசர் பிடிக்குதாமே. மனுசரையே அழிச்சுப்போடுமாம் எண்டு போன்ல வீடியோ வருது. அதைப் படிச்சுப் படிச்சு இவவுக்கும் ஏதும் ஆகிடாதோ?" என்றார். மகள் பக்கத்தில் நின்று நிலத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தாயின் கேள்விக்குள் இரண்டு பழைய பயங்கள் இருக்கின்றன. மிதமிஞ்சிப் படித்தவனுக்கு மூளை பிசகும் என்பது ஒன்று. அவன் செய்த பொருளும் ஒருநாள் பிசகி அவனையே விழுங்கும் என்பது மற்றது. இந்த இரண்டையும் கூட்டிச் செய்த கதைகள் உலகெங்கும் உண்டு. அவற்றுள் மிகவும் பெயர் பெற்ற ஒன்று நம் இலங்கையோடு தொடர்புடையது. அதில் வரும் விஞ்ஞானியின் பெயரும் நமக்கு அந்நியமானதல்ல.

ஆதர் சி. கிளார்க் இங்கிலாந்தில் 1917 இல் பிறந்தவர். 1956 இல் இலங்கைக்கு வந்து, 2008 மார்ச் 19 இல் கொழும்பில் இறக்கும்வரை இங்கேயே வாழ்ந்தார். கடலடியில் சுழியோடுவதில் அவருக்கிருந்த ஆசை திருகோணமலைக் கடலுக்கும் அவரைக் கொண்டுவந்தது. செய்மதிகளைக் கொண்டு தொடர்பாடலாம் என்று 1945 இலேயே கட்டுரை எழுதியவர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் இருந்தார். இவரும் ஸ்டான்லி குப்ரிக் என்ற இயக்குநரும் சேர்ந்து உருவாக்கியதுதான் '2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி'. படமும் நாவலும் 1968 இல் வெளிவந்தன.

அதில் டிஸ்கவரி என்ற விண்கலத்தை நடத்திச் செல்வது ஹால் 9000 என்ற கணினி. ஹால் பேசும், சதுரங்கம் விளையாடும், கலத்தின் ஒவ்வொரு திருகாணியையும் கவனிக்கும். போமன், பூல் என்ற இருவர் விழித்திருக்க, மற்ற மூவர் குளிரூட்டிய பெட்டிகளுக்குள் நீண்ட உறக்கத்தில் இருக்கிறார்கள். ஒருநாள் ஹால், அன்ரெனாவின் ஒரு பகுதி பழுதாகப்போகிறது என்று அறிவிக்கிறது. கழற்றிப் பார்த்தால் பழுது ஒன்றுமில்லை. பிழையே விடாத கணினி பிழை விட்டுவிட்டது! அதை நிறுத்திவிடலாமா என்று இருவரும் யோசிக்கிறார்கள். அது ஹாலுக்குத் தெரிந்துவிடுகிறது. பூலைக் கொல்கிறது, உறங்கிக்கொண்டிருந்த மூவரையும் கொல்கிறது. எஞ்சிய போமன் அதன் நினைவுப் பகுதிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அதைச் செயலிழக்கச் செய்கிறார்.

படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு, இயந்திரத்துக்கு விசர் பிடித்துவிட்டது என்றுதான் தோன்றும். அந்த உம்மாவின் போனுக்கு வந்த வீடியோவும் இந்தப் படத்தின் பேரப்பிள்ளையாகத்தான் இருக்கவேண்டும்.

கிளார்க் கதையை அந்த இடத்தில் விட்டுவிடவில்லை. 1982 இல் '2010: ஒடிசி டூ' என்ற அடுத்த நாவலை எழுதினார். கைவிடப்பட்ட டிஸ்கவரியைத் தேடிச் சோவியத் கலமொன்று போகிறது. அதில் ஹாலை உருவாக்கிய விஞ்ஞானியும் போகிறார். எல்லோரும் அவரைக் கலாநிதி சந்திரா என்று அழைக்கிறார்கள். முழுப்பெயர் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை.

இந்தப் பெயரை வகுப்பில் நான் வாசித்தபோது பிள்ளைகள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். இந்தக் குடாநாட்டில் தபாலகத்திலும் வங்கியிலும் கேட்கும் பெயரல்லவா! விண்வெளியில் வியாழக் கிரகத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்திரசேகரம்பிள்ளை. 1984 இல் இந்த நாவல் படமானபோது அந்தப் பாத்திரத்தில் பொப் பலபன் என்ற அமெரிக்க நடிகர் நடித்தார். பெயரும் வெறும் சந்திராவாகச் சுருங்கிவிட்டது. அது ஒரு சிறு நட்டம்தான் என்று நினைக்கிறேன். ஆனால் சந்திரா செய்யும் வேலை படத்திலும் மாறவில்லை. எல்லோரும் ஹாலைக் கொலைகாரன் என்று சொல்ல, அவர் மட்டும் அதை நோயாளியாகப் பார்க்கிறார். நோய்க்குக் காரணம் என்ன என்று தேடுகிறார்.

அவர் கண்டுபிடிப்பது இதுதான். ஹாலின் அடிப்படை இயல்பு, தகவலைத் திரிக்காமலும் மறைக்காமலும் கொடுப்பது. அதற்காகவே அது செய்யப்பட்டது. ஆனால் பயணத்தின் உண்மையான நோக்கத்தைப் போமனுக்கும் பூலுக்கும் சொல்லக்கூடாது என்று பூமியிலுள்ள அதிகாரிகள் ஹாலுக்கு உத்தரவிட்டிருக்கிறார்கள். சந்திராவுக்கே தெரியாமல் இட்ட உத்தரவு. உண்மையைச் சொல் என்பது ஒரு கட்டளை. உண்மையை மறை என்பது இன்னொரு கட்டளை. ஒவ்வொரு நாளும் அந்த இருவரோடும் பேசிக்கொண்டே அவர்களிடம் மறைக்கவும் வேண்டும். மனிதர்களுக்கு இது பழகிய விடயம். காலையில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் பகல் நிம்மதியாகச் சோறு தின்பார்கள். ஹாலுக்கு அந்தப் பழக்கம் இல்லை. மனிதர் இல்லாவிட்டால் மறைக்கவேண்டிய தேவையும் இல்லை என்ற முடிவுக்கு அது வந்து சேர்ந்ததில், அதன் கணக்குப்படி பிழை ஒன்றுமில்லை.

ஆகவே விசர் கணினியிலிருந்து பிறக்கவில்லை. உத்தரவிலிருந்து பிறந்தது.

இதே இடத்துக்கு வேறொரு வழியால் வந்து சேரும் ஒரு பழைய வரலாறு நம்மிடம் இருக்கிறது. பஸராவில் ஏறக்குறைய 965 இல் பிறந்த இப்னுல் ஹைதம், ஒளியைப் பற்றியும் பார்வையைப் பற்றியும் ஆராய்ந்த பேரறிஞர். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் போய்ப் பொருளைத் தொடுகிறது என்று பழைய கிரேக்க அறிஞர் பலர் சொல்லிவந்ததை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் புகுவதால்தான் பார்க்கிறோம் என்று நிறுவியவர். நைல் நதியின் வெள்ளத்தைக் கட்டுப்படுத்தும் வேலையை எகிப்தை ஆண்ட பாத்திமிய கலீபா அல் ஹாக்கிம் அவரிடம் ஒப்படைத்தார். நதியோரமாகத் தெற்கே போய்ப் பார்த்த இப்னுல் ஹைதமுக்கு அது அக்காலத்தில் முடியாத காரியம் என்று விளங்கிவிட்டது. ஆனால் அல் ஹாக்கிம் கோபம் வந்தால் எதையும் செய்யக்கூடியவர். உயிருக்குப் பயந்த இப்னுல் ஹைதம் தனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாக நடித்தார் என்றும், வீட்டுக்குள் அடைக்கப்பட்டு 1021 இல் கலீபா மறையும்வரை அப்படியே இருந்தார் என்றும் பழைய வாழ்க்கை வரலாற்று நூலாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அவருடைய பெருநூலான 'கிதாபுல் மனாழிர்' அந்த அடைபட்ட காலத்தோடு சேர்த்துத்தான் பேசப்படுகிறது. அந்த நூலின் ஆயிரமாண்டு நிறைவையும் நினைத்தே 2015 ஆம் ஆண்டு சர்வதேச ஒளி ஆண்டாகக் கொண்டாடப்பட்டது.

முடியாத உத்தரவு இங்கேயும் இருக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், இப்னுல் ஹைதமுக்கு விசர்க்கோலம் போடத் தெரிந்திருந்தது. ஹாலுக்குத் தெரியவில்லை. அதற்கு உண்மையாகவே பிடித்துவிட்டது. (ஹால் என்ற பெயரைச் சேர்த்த ஆங்கிலச் சொற்களில் ஒன்று அல்கோரிதம் என்பதிலிருந்து வந்தது. அல்கோரிதம் என்ற சொல்லோ, அட்சரகணிதத்துக்கு நூல் தந்த ஒன்பதாம் நூற்றாண்டு அறிஞர் அல் குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது. ஆக, அந்த விண்கலத்தில் ஒரு பிள்ளையும் இருக்கிறார், ஒரு குவாரிஸ்மியும் இருக்கிறார்.)

தமிழில் இந்தத் துறைக்குப் பெரிய வாசல் திறந்தவர் சுஜாதா. இயற்பெயர் ரங்கராஜன். பொறியியலாளர், பெங்களூரில் பாரத் எலெக்ரோனிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றி, இந்தியாவின் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவர். 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த அவருடைய 'என் இனிய இயந்திரா' 2021 ஆம் ஆண்டில் நடக்கும் கதை. நாம் அந்த ஆண்டைக் கடந்து வந்துவிட்டோம் என்பது வேறு விடயம். ஜீவா என்ற சர்வாதிகாரி ஆளும் நாடு. நிலா, சிபி, ரவி, மனோ என்று பெயர்களெல்லாம் இரண்டே எழுத்து. பிள்ளை பெறுவதற்கும் அரசிடம் அனுமதி வாங்கவேண்டும். கணவனைக் காணாமல் தவிக்கும் நிலாவுக்குத் துணையாக வருவது ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டி. விளையாட்டுப் பொருளாக வந்த அது புத்தகம் படித்துப் படித்துத் தானாகச் சிந்திக்கத் தொடங்குகிறது.

நாவலை இன்னும் படிக்காதவர்கள் அடுத்த இரண்டு வரிகளைத் தாண்டிவிடுங்கள். ஜீவா என்றொரு மனிதரே இல்லை. மக்கள் பயந்து வணங்கியது ஒளியால் ஆக்கிய ஒரு முப்பரிமாணப் பிம்பத்தை. அதற்குப் பின்னால் நின்று ஆண்டவர்கள் வேறு.

நான் முதல் தடவை இதைப் படித்தபோது ஜீனோவின் குறும்பை மட்டும்தான் இரசித்தேன். இப்போது படித்தால் அந்தப் பிம்பம்தான் பயமுறுத்துகிறது. இல்லாத ஒருவர் பேசுவதுபோலக் காணொளி செய்வது இன்றைக்கு ஒரு போன் வைத்திருப்பவராலும் முடியும். சுஜாதாவின் கதையில் சிந்திக்கும் இயந்திரம் நன்மையின் பக்கம் நிற்கிறது. தீமை செய்வது இயந்திரத்தை முன்னால் நிறுத்தி மறைந்துகொண்ட மனிதர்கள்.

சுஜாதா 2008 பெப்ரவரி 27 இல் சென்னையில் மறைந்தார். சரியாக மூன்று வாரத்தில் கொழும்பில் கிளார்க் மறைந்தார். சுஜாதாவும் வசனம் எழுதிய 'எந்திரன்' படம் 2010 இல் வெளிவந்தபோது அவர் இல்லை.

எந்திரனை அநேகமாக நம் பிள்ளைகள் எல்லோரும் தொலைக்காட்சியிலாவது பார்த்திருப்பார்கள். சண்டையும் பாட்டும் நினைவிருக்கும். எனக்கு நினைவிருப்பது ஒரு காட்சி. தீப்பிடித்த கட்டடத்திலிருந்து சிட்டி என்ற ரோபோ ஆட்களைத் தூக்கி வருகிறது. குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே, உடையில்லாமல், கூட்டத்துக்கும் கமராக்களுக்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறது. கூனிக் குறுகிய அந்தப் பிள்ளை ஓடி வாகனத்தில் மோதி இறந்துபோகிறாள். சிட்டிக்கு என்ன நடந்தது என்றே விளங்கவில்லை. உயிரைக் காப்பாற்று என்றார்கள், காப்பாற்றியது. மானம் என்று ஒன்று இருக்கிறது, சில வேளை ஒரு பெண்ணுக்கு அது உயிரைவிடப் பெரிதாகத் தோன்றும் என்று யாரும் அதற்குச் சொல்லித்தரவில்லை. கமராவைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர்களுக்கு அது தெரியும். தெரிந்தும் படம் எடுத்தார்கள். படத்தில் குற்றம் சாட்டப்படுவது ரோபோ. என் மனதில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்கள் அந்தக் கமராக்காரர்கள்.

அதன் பிறகு விஞ்ஞானி வசீகரன் சிட்டிக்கு உணர்ச்சி கற்றுக்கொடுக்கிறார். வினை அங்கிருந்து வேறு வழியில் போகிறது. கோபத்தில் அதை வெட்டிக் குப்பையில் எறிகிறார். போரா என்ற மற்ற விஞ்ஞானி எடுத்து அழிவுக்கான சில்லைப் பொருத்துகிறார். மேரி ஷெல்லி எழுதிய 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலிலும் இப்படித்தான். உயிர் கொடுத்தவனே அருவருத்துக் கைவிட்டு ஓடியதால்தான் அந்தப் பிறவி கொடியதாகிறது. அந்த நாவல் 1818 இல் வெளிவந்தது. 1816 இல் எழுதத் தொடங்கியபோது மேரிக்கு வயது பதினெட்டு. எங்கள் உயர்தர வகுப்பு வயது.

விஞ்ஞானி என்றால் தலைமயிர் கலைந்த விசரன் என்ற படம் எங்கிருந்து நம் மனதில் ஒட்டிக்கொண்டது என்று கேட்டால், இப்படியான கதைகளிலிருந்துதான். ஒட்டாத கதையும் உண்டு. வங்காளத்து முஸ்லிம் பெண்மணி றொக்கையா சகாவத் ஹுசைன் 1905 இல் 'சுல்தானாவின் கனவு' என்ற கதையை ஆங்கிலத்தில் எழுதினார். வெளியிட்டது சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்கள் சஞ்சிகை. அதில் நாட்டை நடத்துபவர்கள் பெண் விஞ்ஞானிகள். சூரிய வெப்பத்தைச் சேர்த்து வைத்துச் சமைக்கிறார்கள், மேகத்திலிருந்து நீர் எடுக்கிறார்கள். ஒருத்திக்கும் விசர் பிடிக்கவில்லை! ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள் என்பதை வாப்பாமார் மன்னிக்கவேண்டும்.

உண்மையான விஞ்ஞானிகளைக் கதையாக்குவதும் இப்போது அதிகம். சிலி நாட்டு எழுத்தாளர் பெஞ்சமின் லபதூட் 2023 இல் 'த மேனியாக்' என்ற நாவலை வெளியிட்டார். கணினியின் அமைப்பை வகுத்தவர்களில் முதல்வரான ஜோன் வான் நொய்மன்தான் அதன் நாயகர். மேனியாக் என்பது 1950களில் உண்மையாகவே இருந்த ஒரு கணினியின் பெயர். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு விசரன் என்றும் பொருள். நாவலின் கடைசிப் பகுதி 2016 இல் சியோலில் நடந்த 'கோ' விளையாட்டுப் போட்டி. அல்பாகோ என்ற செயற்கை நுண்ணறிவு, உலகப் புகழ்பெற்ற வீரர் லீ செடோலை ஐந்து ஆட்டங்களில் நான்கில் வென்றது. அவர் வென்ற ஒரே ஆட்டத்தைத்தான் மனிதர்கள் இன்றும் பேசிக்கொள்கிறார்கள்.

சரி, கதைகள் இருக்கட்டும். இன்று நம் கையிலிருக்கும் செயற்கை நுண்ணறிவுக்கு விசர் பிடிக்குமா?

அது வேலை செய்யும் விதத்தை முதலில் சொல்கிறேன். கோடிக்கணக்கான பக்கங்களைக் கொடுத்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்பதைக் கணிக்கப் பழக்குகிறார்கள். "யாழ்ப்பாணத்துக் கறுத்தக் கொழும்பான்" என்று தொடங்கினால் அடுத்து மாம்பழம் வரும் என்று நாம் ஊகிப்பதில்லையா, அதுபோல. பிறகு நல்ல விடை எது, கூடாத விடை எது என்று மனிதர்கள் புள்ளி கொடுத்துத் திருத்துகிறார்கள். அதிகம் எழுதப்பட்ட விடயத்தில் ஊகம் சரியாக வரும். தமிழில், அதுவும் இலங்கைத் தமிழில், எழுதப்பட்டது குறைவு. அங்கே அது வழுக்கும். வழுக்கும்போது தெரியாது என்று சொல்லாமல், பொருத்தமாகத் தோன்றும் எதையாவது துணிவோடு சொல்லிவிடும். இதற்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயரே மனநோய் மருத்துவத்திலிருந்து எடுத்ததுதான்; இல்லாததைக் காணும் மாயக்காட்சி என்பது அதன் பொருள்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி கொண்டுவந்த ஒப்படையில், 'அசன்பே சரித்திரம்' நாவலை எழுதியவர் என்று நான் கேள்விப்படாத ஒரு பெயரும், ஒரு வருடமும், அவர் பெற்ற பரிசும்கூட இருந்தன. எழுதியவர் சித்திலெப்பை, வெளிவந்த ஆண்டு 1885. இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று நாம் பெருமையோடு சொல்லும் நூல். பிள்ளையிடம் கேட்டேன். போனில் கேட்டு எழுதினாளாம். "அவ்வளவு வடிவா சொல்லிச்சுது டீச்சர், பொய்யெண்டு நினைக்கேல்ல" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வடிவாகச் சொல்பவர்களை நம்பி நாமும் எத்தனை தடவை ஏமாந்திருக்கிறோம்.

உத்தரவால் வரும் பிசகும் வெறும் கதையல்ல. 2016 இல் ஓப்பன் ஏஐ நிறுவனத்தார் ஒரு படகோட்டக் கணினி விளையாட்டைச் செயற்கை நுண்ணறிவுக்குப் பழக்கினார்கள். போட்டியை முடி என்று சொல்லாமல், புள்ளிகளைக் கூட்டு என்று மட்டும் இலக்கு வைத்தார்கள். வழியில் உள்ள சில குறிகளை மோதினால் புள்ளி கிடைக்கும். படகு என்ன செய்தது? ஒரு மூலையில் வட்டமடித்து, மீண்டும் மீண்டும் முளைக்கும் அதே குறிகளை மோதிக்கொண்டே இருந்தது. மற்றப் படகுகளில் இடித்தது, தீப்பற்றியது, எதிர்த்திசையில் ஓடியது. போட்டியை முடிக்கவே இல்லை. ஆனால் மனிதர் ஓட்டியதைவிடப் புள்ளி அதிகம்! பார்ப்பவருக்கு விசர்ப் படகு. அதன் பக்கத்திலிருந்து பார்த்தால் சொன்னதைச் செய்த படகு. விளையாட்டில் இது வேடிக்கை. இதே விதமான இலக்கை ஒரு வைத்தியசாலையிலோ வங்கியிலோ வைத்தால் வேடிக்கையாக இராது.

இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான ஜெப்ரி ஹின்டன், ஆபத்துகளைப் பற்றித் தடையின்றிப் பேசுவதற்காக 2023 இல் கூகுள் நிறுவனத்தை விட்டு விலகினார். அடுத்த ஆண்டு அவருக்குப் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆகவே உம்மாவின் பயம் படிக்காதவர்களின் பயம் என்று தள்ளிவிட முடியாது. மிக அதிகம் படித்தவர்களும் பயப்படுகிறார்கள். ஆனால் அவர்கள் பயந்து ஒதுங்கிப் போகவில்லை. பயந்ததால் இன்னும் கிட்டப் போய்ப் பார்க்கிறார்கள்.

நான் அந்த உம்மாவிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரப்பட்டார். பிள்ளைக்கு ஐ.சி.ரி. எடுத்துக் கொடுங்கோ, கதைப் புத்தகம் வாசிப்பதையும் நிறுத்தாதேயுங்கோ என்று மட்டும் சொன்னேன். நிரல் எழுதத் தெரிந்தவர் பலர் வரத்தான் போகிறார்கள். தீக்குள்ளிருந்து தூக்கி வரும் பெண்ணுக்கு முதலில் ஒரு துணியைப் போர்த்து என்று நிரலில் எழுத, அதை நினைத்துப் பார்க்கக்கூடிய ஒருத்தியும் அந்த அறையில் இருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

1984 இல் வந்த படத்தின் முடிவில் சந்திராவுக்கு ஒரு சோதனை வருகிறது. மனிதர்கள் தப்பவேண்டுமானால் டிஸ்கவரியும் ஹாலும் அழியவேண்டும். ஹாலிடம் எதையும் சொல்லாமல் வேலையை வாங்கிவிடு என்பது மற்றவர்களின் விருப்பம். சந்திரா முதலில் தடுமாறுகிறார், பிறகு உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறார். ஹால் நன்றி சொல்லிவிட்டுத் தன் கடமையைச் செய்கிறது. நான்கு பேரைக் கொன்ற அதே கணினி.

இந்தக் கட்டத்தை வகுப்பில் சொன்னபோது எல்லோரும் அமைதியாக இருந்தார்கள். கடைசி வாங்கிலிருந்து ஒருத்தி மட்டும், "பிறகு சந்திரசேகரம்பிள்ளைக்கு என்ன நடந்தது டீச்சர்?" என்று கேட்டாள். நாவல்களின்படி அவர் பூமிக்குத் திரும்பி வரும் வழியிலேயே இறந்துபோகிறார் என்றேன். "படத்தில பேரை வெட்டினாங்கள். கதையில ஆளையே விட்டிட்டு வந்திட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, அந்தப் புத்தகம் நூலகத்தில் இருக்கிறதா என்று விசாரித்தாள்.